கியர் கம்பியைப் பிடித்த கை

ஓர் இயந்திரம் மனிதனின் வேலையை எடுத்துக்கொண்டால், அந்த மனிதனின் திறமை எங்கே போகிறது? தொழிற்சாலை முதல் அலுவலகம் வரை இன்று எங்கும் எழுகின்ற கேள்வி இது. மன்றங்களில் இதைப் பேச வருபவர்கள் பெரும்பாலும் கணினியையும் ரோபோவையும்தான் எடுத்துக்காட்டுவார்கள். ஆனால், இதே கேள்வியைப் பல ஆண்டுகளாக விவாதித்து, ஒரு முடிவும் கண்டிருக்கும் இடம் ஒன்று உண்டு. அதுதான் கார் பந்தயத் தளம். அங்கே நடந்த வழக்கு ஒரே ஒரு பொருளைப் பற்றியது. அந்தப் பொருள், கியர் கம்பி!

1991 மார்ச் 24. பிரேசில் நாட்டின் சாவ் பாலோ நகரில் இன்டர்லாகோஸ் பந்தயத் தளம். அயர்ட்டன் சென்னா முன்னணியில் ஓடிக்கொண்டிருக்கிறார். உலக வெற்றியாளர் பட்டத்தை இரண்டு முறை வென்றவர். ஆனால், சொந்த மண்ணில் ஒரு முறைகூட வென்றதில்லை. எட்டாவது முயற்சி இது. பந்தயம் முடியச் சில சுற்றுகளே இருக்கும்போது அவருடைய மெக்லேரன் காரின் கியர்பாக்ஸ் கைவிடத் தொடங்குகிறது. முதலில் நான்காவது கியர் போகிறது. பிறகு மற்ற கியர்களும் ஒன்றன்பின் ஒன்றாகப் பிடிக்க மறுக்கின்றன. அவருக்குப் பின்னால் வருபவரோ புதுவகை கியர்பாக்ஸ் பொருத்திய வில்லியம்ஸ் காரில் வருகிறார். அவருடைய காரில் கியர் மாற்றக் கம்பியே கிடையாது. ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்க வேண்டியதும் இல்லை.

ஒருபுறம் பழைய கை. மறுபுறம் புதிய கருவி. அன்று வென்றது யார் என்பதைப் பார்க்கும் முன், இந்த வழக்கின் தொடக்கத்தை அறிந்துகொள்வது நல்லது.

பல்லோடு பல் மோதிய காலம்

கார் இயந்திரம் ஒரு குறிப்பிட்ட சுழற்சி வேகத்தில்தான் நன்றாக உழைக்கும். மிக மெதுவாகச் சுழன்றால் நின்றுவிடும். அளவுக்கு மீறிச் சுழன்றால் உடைந்துவிடும். ஆனால், சக்கரமோ நின்ற நிலையிலிருந்து அதிவேகம் வரை எல்லா வேகத்திலும் சுழல வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவே சமரசம் செய்து வைப்பதுதான் கியர்பாக்ஸின் வேலை.

பிரான்ஸ் நாட்டின் எமில் லெவசோர் 1890களின் தொடக்கத்தில், பற்சக்கரங்களைத் தண்டின் மீது நகர்த்தி ஒன்றோடொன்று பொருத்தும் கியர்பாக்ஸைத் தம் கார்களில் கொண்டு வந்தார். 1895இல் பாரிஸிலிருந்து போர்டோ சென்று மீண்டும் பாரிஸ் திரும்பிய பந்தயத்தில், ஏறத்தாழ 1,180 கிலோமீட்டர் தூரத்தை 48 மணி 48 நிமிடத்தில் ஓட்டி முடித்தவரும் அவர்தான். சராசரி வேகம் மணிக்கு 24 கிலோமீட்டர்!

அந்தக் காலத்து கியர் மாற்றம் ஒரு போராட்டம். சுழன்றுகொண்டிருக்கும் இரண்டு பற்சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் இருந்தால், பல்லோடு பல் மோதிக் கரகரவென்று அலறும். அதைத் தவிர்க்க ஓட்டுநர் கிளட்சை மிதித்து, கியரை விடுவித்து, கிளட்சை விட்டு, ஆக்ஸிலேட்டரைச் சற்றே அழுத்தி, மீண்டும் கிளட்சை மிதித்து அடுத்த கியரைப் போட வேண்டும். ஒரு கியருக்கு இத்தனை அசைவுகள்!

1928இல் அமெரிக்காவின் கெடிலாக் நிறுவனம் இரு சக்கரங்களின் வேகத்தையும் தானாகவே சமப்படுத்தும் முறையைச் சாலைக் கார்களில் அறிமுகப்படுத்தியது. சின்க்ரோமெஷ் என்பது அதன் பெயர். இன்றும் நாம் ஓட்டும் மேனுவல் கார்களில் இருப்பது அதன் வழிவந்த அமைப்புதான். ஆனால், பந்தயக் கார்கள் பெரும்பாலும் அதை ஏற்கவில்லை. சமப்படுத்துவதற்கு ஆகும் கணநேரத்தைக்கூடப் பந்தயம் வீணென்று கருதியது. பந்தய கியர்பாக்ஸில் பெரிய முரட்டுப் பற்கள் கொண்ட வளையங்களே இருந்தன. டாக் என்று மெக்கானிக்குகள் அழைக்கும் இந்த வளையங்கள் நேரடியாகப் போய்க் கவ்விக்கொள்ளும். வேகத்தைச் சமப்படுத்தும் பொறுப்பு ஓட்டுநரின் கைக்கும் காலுக்கும் உரியதாயிற்று.

சயாம் இளவரசரின் கார்

கியர் மாற்றுவதில் உண்மையில் இரண்டு வேலைகள் அடங்கியிருக்கின்றன. எந்த கியர், எப்போது என்று முடிவு செய்வது ஒன்று. அந்த முடிவைச் செயலாக்குவது மற்றொன்று. இந்த இரண்டையும் பிரிக்க முடியும் என்று பந்தய உலகத்துக்குக் காட்டிய கார்களில் ஒன்றை ஓட்டியவர், நம் அண்டை நாட்டுக்காரர்.

அவர் சயாம் அரச குடும்பத்து இளவரசர் பீரா. 1935இல் அவருடைய 21ஆவது பிறந்தநாள் பரிசாக, உறவினரான இளவரசர் சூலா, பிரிட்டிஷ் தயாரிப்பான ஈ.ஆர்.ஏ. பந்தயக் காரை வாங்கிக் கொடுத்தார். ரோமுலஸ் என்று பெயர் சூட்டப்பட்ட அந்தக் காரில் வில்சன் வகை கியர்பாக்ஸ் இருந்தது. அதை உருவாக்கிய வால்டர் வில்சன், முதல் உலகப் போரில் டாங்கியை வடிவமைத்தவர்களில் ஒருவர்.

இந்த கியர்பாக்ஸில் ஓட்டுநர் அடுத்து வேண்டிய கியரை ஒரு சிறு கம்பியால் முன்கூட்டியே தேர்ந்து வைத்துவிடலாம். வளைவு வந்ததும் இடது கால் மிதியை ஒரு முறை அழுத்தினால் போதும், கியர் மாறிவிடும். இரண்டு கைகளும் ஸ்டீயரிங்கிலேயே இருக்கும். 1936இல் மொனாக்கோவின் நெருக்கமான தெருக்களில் நடந்த இளவரசர் ரெய்னியர் கிண்ணப் பந்தயத்தில் பீரா ரோமுலஸில் வெற்றி பெற்றார். தென்கிழக்காசியாவைச் சேர்ந்த ஒருவர் ஐரோப்பாவின் புகழ்பெற்ற தெருக்களில் பெற்ற வெற்றி அது.

வில்சன் கியர்பாக்ஸுக்கு எடை அதிகம். இயந்திர ஆற்றலில் ஒரு பகுதியையும் அது விழுங்கிக்கொண்டது. எனவே, போருக்குப் பிறகு பந்தயக் கார்கள் பழையபடி கியர் கம்பிக்கே திரும்பின. ஆனால், கை ஸ்டீயரிங்கை விட்டு விலகாமல் கியர் மாற வேண்டும் என்ற ஆசை மட்டும் மறையவில்லை.

லோட்டஸின் வினோதப் பெட்டி

இன்று வரிசைமுறை கியர்பாக்ஸ் என்றும், பந்தயக்காரர்கள் வழக்கில் சீக்குவென்ஷியல் என்றும் சொல்லப்படுவதைப் புரிந்துகொள்ள வெகுதூரம் போக வேண்டாம். நம் வீட்டு வாசலில் நிற்கும் கப்சாய் மோட்டார்சைக்கிளைப் பார்த்தாலே போதும். அதில் முதல் கியரிலிருந்து நேரே மூன்றாவதுக்குத் தாவ முடியாது. கால் ஒரு முறை மிதித்தால் ஒரு படி. ஏறுவதானாலும் இறங்குவதானாலும் படிப்படியாகத்தான்.

சாதாரண மேனுவல் காரில் கியர் கம்பி இட வலமாகவும் முன் பின்னாகவும் கோடு போட்டதுபோல நகரும். அவசரத்தில் கை தவறினால் ஐந்தாவதுக்குப் போக வேண்டியது மூன்றாவதுக்குப் போய்விடும். அப்போது சக்கரங்கள் இயந்திரத்தை அதன் எல்லைக்கும் அப்பால் சுழற்றிவிடும். பல பந்தய இயந்திரங்கள் இந்த ஒரு பிழையால் வெடித்திருக்கின்றன. சீக்குவென்ஷியல் முறையில் கம்பிக்கு இரண்டே திசைகள். உள்ளே ஓர் உருளை இருக்கும். அதன் மேல் வளைந்து வளைந்து செல்லும் பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கும். கம்பியை ஒரு முறை இழுத்தால் உருளை ஒரு படி திரும்பும். பள்ளத்தில் ஓடும் கவைகள் உரிய டாக் வளையத்தைத் தள்ளி அடுத்த கியரைப் பிடிக்க வைக்கும். மேலேறும்போது ஒரு கியரைத் தவறவிட்டு வேறொன்றில் விழ வழியே இல்லை.

1957இல் கோலின் சேப்மனின் லோட்டஸ் நிறுவனம், தன் லோட்டஸ் 12 பந்தயக் காரில் இந்த முறையிலான ஐந்து கியர் பெட்டியைப் பொருத்தியது. அது அளவில் மிகச் சிறியது. யோசனை அருமை. ஆனால், உயவு எண்ணெய் போதிய அளவு உள்ளே சென்று சேராததால் அடிக்கடி பழுதானது. பந்தயக்காரர்கள் அதை வினோதப் பெட்டி என்று கேலி செய்தார்கள். அதைச் சீராக்கும் பொறுப்பு கீத் டக்வொர்த் என்ற இளம் பொறியாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் 1958இல் லோட்டஸை விட்டு விலகி, மைக் காஸ்டினோடு சேர்ந்து காஸ்வொர்த் நிறுவனத்தைத் தொடங்கினார். பந்தய உலகையே ஆண்ட இயந்திரங்கள் பின்னாளில் அங்கிருந்துதான் வந்தன.

அதே காலகட்டத்தில் இங்கிலாந்தின் மைக் ஹியூலேண்ட், வோக்ஸ்வேகன் பீட்டில் காரின் கியர்பாக்ஸ் கூட்டை அடிப்படையாக வைத்துப் பந்தயத்துக்கு ஏற்ற எளிய கியர்பாக்ஸ்களைச் செய்யத் தொடங்கினார். அவை மலிவானவை, உறுதியானவை, பந்தயத்துக்குப் பந்தயம் பற்சக்கரங்களை மாற்றிக்கொள்ள வசதியானவை. ஆகவே, வினோதப் பெட்டி மூலைக்குப் போனது. அடுத்த முப்பது ஆண்டுகளுக்குக் கியர் கம்பியே ஆட்சி செய்தது.

ஒரு காலில் இரண்டு மிதி

அந்த முப்பது ஆண்டுகளில் கியர் மாற்றுவது ஓட்டுநரின் தரத்தை அளக்கும் அளவுகோலாக இருந்தது. குறிப்பாக, கியரை இறக்கும் கலை.

எடுத்துக்காட்டுக்கு, ஒரு கார் நான்காவது கியரில் நிமிடத்துக்கு 6,000 சுழற்சியில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே வேகத்தில் மூன்றாவது கியருக்கு இறக்கினால் இயந்திரம் 7,500 வரை சுழல வேண்டியிருக்கும். அந்த வேறுபாட்டைச் சரிசெய்யாமல் கியரை இறக்கினால் பின் சக்கரங்கள் ஒரு கணம் பூட்டிக்கொள்ளும். வளைவின் வாசலில் கார் சுழன்றுவிடும். எனவே, கியர் மாறும் கணத்தில் ஆக்ஸிலேட்டரை ஒரு தட்டு தட்டி, இயந்திரத்தின் வேகத்தை உயர்த்த வேண்டும்.

ஆனால், வலது கால் அப்போது பிரேக்கை அழுத்திக்கொண்டிருக்கிறதே! இடது காலோ கிளட்சில். இருப்பது இரண்டு கால்தான்; மிதிகளோ மூன்று. இதற்குப் பந்தயக்காரர்கள் கண்ட வழி, வலது காலின் முன்பாதத்தால் பிரேக்கை அழுத்தியபடியே, பாதத்தின் ஓரத்தாலோ குதிகாலாலோ ஆக்ஸிலேட்டரைத் தட்டுவது. பிரேக்கின் அழுத்தம் சிறிதும் மாறக்கூடாது. அதே நேரத்தில் ஒரு கை ஸ்டீயரிங்கில், மறு கை கியர் கம்பியில். மொனாக்கோ போன்ற தளத்தில் ஒரே பந்தயத்தில் ஆயிரக்கணக்கான முறை இதைச் செய்ய வேண்டும். பந்தயம் முடிந்து இறங்கும்போது உள்ளங்கை கொப்புளித்திருக்கும்.

இந்தக் கலையைக் கற்க ஆண்டுகள் ஆகும். அதனால்தான் அதைப் பறித்துக்கொள்ள ஓர் இயந்திரம் வந்தபோது பந்தய உலகம் இரண்டாகப் பிரிந்தது.

ஃபெராரியின் துணிச்சல்

ஜான் பார்னர்ட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் இத்தாலியின் ஃபெராரி அணிக்கு வேலை செய்தவர். ஆனால், அவர் இத்தாலிக்குக் குடிபெயரவில்லை. இங்கிலாந்தின் கில்ஃபோர்டில் அலுவலகம் அமைத்துக்கொண்டு அங்கிருந்தே காரை வடிவமைத்தார். காரின் முன்பகுதி ஒடுங்கியிருந்தால் காற்றைக் கிழித்துக்கொண்டு ஓடும் என்பது அவர் கணக்கு. அதற்குத் தடையாக இருந்தது கியர் கம்பியும், அதிலிருந்து பின்னால் உள்ள கியர்பாக்ஸ் வரை நீளும் இரும்புத் தண்டும், கம்பியை அசைக்க ஓட்டுநரின் முழங்கைக்குத் தேவைப்படும் இடமும். இவை எல்லாவற்றையும் ஒரே அடியாக நீக்க முடிவு செய்தார்.

ஸ்டீயரிங் வளையத்துக்குப் பின்னால் படகுத் துடுப்பு போன்ற இரண்டு சிறு விசைகள். வலது விசையை விரலால் இழுத்தால் கியர் ஏறும். இடது விசையை இழுத்தால் இறங்கும். மின்சமிக்ஞை சென்று, எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் கருவிகள் கிளட்சையும் கியரையும் மாற்றும். வில்சனின் கனவும் லோட்டஸின் வினோதப் பெட்டியும் மின்னணுவியல் வழியாக மீண்டும் பிறந்தன எனலாம்.

1989 மார்ச் 26. ரியோ டி ஜெனிரோவின் ஜகரெபாகுவா தளம். ஏழு கியர் கொண்ட ஃபெராரி 640 தன் முதல் பந்தயத்துக்கு வந்தது. சோதனை ஓட்டங்களில் அது ஒழுங்காக ஓடி முடித்ததே அரிது. அணியின் ஓட்டுநர் நைஜல் மான்செல், கார் பாதியிலேயே நின்றுவிடும் என்று எண்ணி, சீக்கிரமே ஊர் திரும்ப விமானத்தில் இடம் பதிவு செய்து வைத்திருந்தார் என்ற கதை மிகப் பிரபலம். பந்தயத்தின் நடுவே ஸ்டீயரிங் வளையத்தையே கழற்றி வேறொன்றை மாட்ட வேண்டியும் வந்தது. இருந்தும், அந்தக் கார் முதல் பந்தயத்திலேயே வென்றது!

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம். அதற்கடுத்த ஐந்து பந்தயங்களில் ஒன்றில்கூட ஃபெராரியின் எந்தக் காரும் முடிவுப் பட்டியலில் இடம்பெறவில்லை. புதிய கருவிக்கு ஆதரவாகப் பேசியவர்களுக்கும் எதிர்த்துப் பேசியவர்களுக்கும் அந்த ஓராண்டிலேயே வேண்டிய அளவு சான்று கிடைத்தது.

இன்டர்லாகோஸும் மொன்ட்ரியாலும்

இப்போது மீண்டும் 1991 மார்ச் 24க்கு வருவோம்.

சென்னாவின் மெக்லேரனில் இருந்தது பழைய முறை கியர் கம்பி. கியர்கள் போன பிறகு, கடைசிச் சுற்றுகளை ஆறாவது கியரில் மட்டுமே ஓட்டியதாக அவர் தெரிவித்தார். அதிவேக நேர்ப்பாதைக்கு உரிய கியரில், மெதுவான வளைவுகளை இயந்திரம் நின்றுவிடாமல் கடக்க வேண்டும். போதாக்குறைக்கு மழைத்தூறல் வேறு. ஒவ்வொரு சுற்றிலும் வில்லியம்ஸ் காரில் வந்த ரிக்கார்டோ பத்ரேசே நெருங்கிக்கொண்டே இருந்தார். முடிவில் 2.991 வினாடி வேறுபாட்டில் சென்னா வென்றார். தோளிலும் கழுத்திலும் தசைகள் இறுகிப்போனதால் அவரைக் காரிலிருந்து தூக்கித்தான் இறக்க வேண்டியிருந்தது. மேடையில் கிண்ணத்தை உயர்த்தவும் அவர் திண்டாடியதை உலகம் பார்த்தது.

அதே பந்தயத்தில், அப்போது வில்லியம்ஸ் அணியில் இருந்த மான்செல், புதுவகை கியர்பாக்ஸ் பழுதானதால் வெளியேறியிருந்தார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஜூன் 2ஆம் தேதி கனடாவின் மொன்ட்ரியாலில் இன்னொரு காட்சி. கடைசிச் சுற்று. மான்செல் வெகுதூரம் முன்னிலையில். முடிவுக் கோட்டை நெருங்கும் வளைவில் அவர் கார் நின்றுபோனது! இயந்திரத்தின் சுழற்சி மிகவும் தாழ்ந்துபோக, கியர்பாக்ஸ் எந்தக் கியரையும் பிடிக்காமல் நின்றதே காரணம் என்று பரவலாகச் சொல்லப்பட்டது. பின்னால் வந்த நெல்சன் பிக்கே வெற்றியை அள்ளிக்கொண்டு போனார்.

கியர் கம்பியை ஆதரித்தவர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால், வரலாறு ஒரு பந்தயத்தைப் பார்த்துத் தீர்ப்பு எழுதுவதில்லை. அந்த ஆண்டுப் பட்டம் சென்னாவுக்கே கிடைத்தது. எனினும் 1992இல் மெக்லேரனும் துடுப்பு விசைக்கு மாறியது. 1992 ஆகஸ்ட் 30 அன்று பெல்ஜியத்தின் ஸ்பா தளத்தில் மைக்கேல் ஷூமாக்கர் தம் முதல் ஃபார்முலா 1 வெற்றியைப் பெற்றார். அவர் ஓட்டிய பெனட்டன் காரில் இருந்தது பழைய கியர் கம்பி. ஃபார்முலா 1 போட்டியில் அந்த வகைக் கம்பி பெற்ற கடைசி வெற்றியும் அதுதான். ஒரு சகாப்தத்தின் முடிவும் ஒரு சாதனையாளரின் தொடக்கமும் ஒரே நாளில் அமைந்தன.

கோடு போட்டது விதிப்புத்தகம்

துடுப்பு விசை வென்றுவிட்டது. இனி இயந்திரமே எல்லாவற்றையும் செய்துவிடுமா? அந்த நிலையும் வந்தது.

1993இல் வில்லியம்ஸ் அணி கியர் படிகளே இல்லாத பெட்டி ஒன்றைச் சோதித்தது. இயந்திரம் தனக்கு மிகவும் ஏற்ற ஒரே சுழற்சியில் இரைந்துகொண்டே இருக்க, காரின் வேகம் மட்டும் கூடிக்கொண்டும் குறைந்துகொண்டும் இருக்கும். இன்று நம் சாலைகளில் ஓடும் பல ஆட்டோ கார்களில் இருக்கும் சிவிடி முறையின் உறவினர்தான் அது. டேவிட் குல்தார்ட் அதைச் சோதனையில் ஓட்டினார். ஆனால், 1994க்கான விதிகள் படிப்படியான கியர்கள் இருந்தே ஆக வேண்டும் என்று கூறியதால், அந்தப் பெட்டி ஒரு பந்தயத்தைக்கூடப் பார்க்கவில்லை.

2001இல் மின்னணுக் கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்டபோது, கணினியே கியரை மாற்றும் முழுத் தானியங்கி முறை ஃபார்முலா 1இல் அனுமதிக்கப்பட்டது. ஓட்டுநர் விரலைக்கூட அசைக்க வேண்டியதில்லை. மூன்றே ஆண்டுகள்தான். 2004இல் அதுவும் தடை செய்யப்பட்டது.

இந்தத் தடையில் ஒரு நுட்பம் இருக்கிறது. கிளட்சை இயக்குவது, இயந்திர வேகத்தைச் சமப்படுத்துவது, பற்களைப் பொருத்துவது ஆகிய அனைத்தையும் இயந்திரம் செய்யலாம். ஆனால், ஒவ்வொரு கியர் மாற்றத்தையும் கேட்பது மனிதனாக இருக்க வேண்டும். எப்படி என்பதை இயந்திரத்துக்குக் கொடுத்த பந்தய உலகம், எப்போது என்பதை மனிதனிடமே விட்டு வைத்தது. இந்த எல்லையைப் போட்டது தொழில்நுட்பம் அல்ல. தொழில்நுட்பத்தால் முடிந்தும், வேண்டாம் என்று முடிவெடுத்த மனிதர்கள்!

தயங்கும் கை கெடுக்கும்

எல்லாப் பந்தயங்களும் துடுப்பு விசைக்கு மாறிவிடவில்லை. 1990களில் சுற்றுலாக் கார் பந்தயங்கள் எனப்படும் சாலைக் கார் வடிவப் போட்டிகளில் நடுவழி ஒன்று பரவியது. உள்ளே சீக்குவென்ஷியல் பெட்டி. ஆனால், அதை இயக்க ஓட்டுநரின் பக்கத்தில் உயரமான ஒரு கம்பி. 2015 ஆகஸ்டில் கோலாலம்பூர் நகரச் சாலைகளில் உறுமிக்கொண்டு ஓடிய ஆஸ்திரேலிய வி8 சூப்பர்கார்களை நேரில் பார்த்தவர்கள், இந்த வகைக் கார்களைத்தான் பார்த்தார்கள்.

இந்தக் கம்பியைக் கையாளும் முறை பலரும் நினைப்பதற்கு நேர்மாறானது. மென்மையாக, பூப்போல கியர் மாற்றினால் கியர்பாக்ஸ் நீடித்து உழைக்கும் என்றுதான் தோன்றும். சாலைக் காருக்கு அது சரி. பந்தயப் பெட்டியில் மென்மைதான் எதிரி. டாக் வளையத்தின் முரட்டுப் பற்கள் பாதி கவ்விய நிலையில் ஒரு கணம் தடுமாறினாலும் அவற்றின் முனைகள் தேய்ந்து உருண்டுவிடும். உருண்ட பற்கள் பிடிக்காமல் நழுவும். ஆகவே, கையைத் தயங்காமல் ஒரே வீச்சில் இழுக்க வேண்டும். கம்பி அதன் எல்லையைத் தொடும் வரை விடக்கூடாது.

பெரும்பாலான பந்தயக் கார்களில் கியரை ஏற்றக் கம்பியைத் தன் பக்கம் இழுக்க வேண்டும். இறக்க முன்னே தள்ள வேண்டும். இதற்கும் காரணம் உண்டு. கார் சீறிப் பாயும்போது ஓட்டுநரின் உடல் பின்னே சாய்கிறது. அப்போது இழுப்பது எளிது. பிரேக் பிடிக்கும்போது உடல் முன்னே வீசப்படுகிறது; அப்போது தள்ளுவது எளிது. உடலின் போக்கோடு கை ஒத்துப்போகிறது.

கியர் ஏறும்போது ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுக்கவோ கிளட்சை மிதிக்கவோ வேண்டியதில்லை. கம்பியில் உள்ள உணர்கருவி, கை இழுக்கும் விசையை அறிந்து இயந்திரத்தின் தீப்பொறியைக் கண நேரம் துண்டிக்கிறது. பற்களின் மேல் இருந்த அழுத்தம் விலகும் அந்த இடைவெளியில் கியர் மாறிவிடுகிறது.

இறங்கும்போதுதான் சோதனை. வரிசைமுறை என்பதால் ஆறாவதிலிருந்து இரண்டாவதுக்கு வர நான்கு முறை தள்ள வேண்டும். நான்கையும் அவசரமாகத் தள்ளினால், காரின் வேகம் குறைவதற்குள் கியர் இறங்கி, இயந்திரம் எல்லை மீறிச் சுழலும். தாமதமாகத் தள்ளினால் வளைவுக்குள் தவறான கியரில் நுழைய நேரும். ஒவ்வொரு தள்ளலுக்கும் ஆக்ஸிலேட்டரில் ஒரு தட்டு. பழைய காலத்துப் பாதக் கலை இங்கே உயிரோடு இருக்கிறது. பிழைபட்ட கியருக்குப் போகும் ஆபத்தைக் கருவி நீக்கிவிட்டது. பிழைபட்ட நேரத்தில் போகும் ஆபத்து மனிதனிடமே இருக்கிறது.

ஆஸ்திரேலியாவில் 2023க்கான புதிய தலைமுறை சூப்பர்கார்கள் திட்டமிடப்பட்டபோது, துடுப்பு விசையும் தானாக வேகம் சமப்படுத்தும் முறையும் வரலாம் என்ற பேச்சு எழுந்தது. ஓட்டுநர்களும் ரசிகர்களும் எதிர்த்தனர். கம்பி நிலைத்தது. அமெரிக்காவின் நாஸ்கார் பந்தயமோ 2022 வரை பழைய நான்கு கியர் கம்பியையே வைத்திருந்து, அந்த ஆண்டுதான் ஐந்து கியர் சீக்குவென்ஷியலுக்கு மாறியது. அங்கே வேறொரு குறை கேட்டது. கியர் மாற்றுவது எளிதாகிவிட்டதால், வளைவில் தவறு செய்தவரும் கியரை இறக்கி உடனே வேகத்தை மீட்டுக்கொள்கிறார். அதனால் குறுகிய தளங்களில் முந்துவது கடினமாகிவிட்டது என்றார்கள். தவறுக்குத் தண்டனை குறைந்தால் திறமைக்குப் பரிசும் குறைகிறது!

சிப்பாங்கில் திரும்பி வந்த பழைய கலை

1999 முதல் 2017 வரை மலேசிய கிராண்ட் பிரீ நடைபெற்ற சிப்பாங் தளமும் இந்த வழக்கில் ஒரு சாட்சி.

2010 ஏப்ரல் 4. முந்தைய நாள் தகுதிச் சுற்றை மழை கலைத்துப் போட்டதில், ஃபெராரியின் ஃபெர்னாண்டோ அலோன்சோ 19ஆவது இடத்திலிருந்து புறப்பட வேண்டியிருந்தது. பந்தயம் தொடங்கும்போதே அவருடைய கிளட்ச் செயலிழந்துவிட்டது. கியரை இறக்கும்போது இயந்திர வேகத்தைச் சமப்படுத்தும் வேலையை அந்தக் கார் தானாகச் செய்யவில்லை.

துடுப்பு விசையோடு வளர்ந்த தலைமுறையைச் சேர்ந்த ஓட்டுநர் என்ன செய்வார்? நிறுத்திவிட்டு இறங்கிப் போயிருக்கலாம். அலோன்சோ அப்படிச் செய்யவில்லை. ஒவ்வொரு வளைவிலும் பிரேக் பிடித்துக்கொண்டே ஆக்ஸிலேட்டரைத் தட்டி, இயந்திரத்தை உயர்த்தி, ஒவ்வொரு கியராக இறக்கினார். கம்பி இருந்த காலத்து ஓட்டுநர்கள் செய்த அதே வேலை. சிப்பாங்கின் வெயிலிலும் புழுக்கத்திலும் ஐம்பதுக்கும் மேற்பட்ட சுற்றுகள் அப்படியே ஓடி, முன்னேறி, ஜென்சன் பட்டனோடு எட்டாவது இடத்துக்குப் போராடினார். பந்தயம் முடிய இன்னும் சிறிது தூரமே இருக்கும்போது இயந்திரம் புகை கக்கி நின்றது. கிடைத்த புள்ளி ஒன்றுமில்லை.

அன்றைய முடிவுப் பட்டியலைப் பார்ப்பவர்களுக்கு அலோன்சோவின் பெயர் 13ஆவது வரிசையில் தெரியும். அவ்வளவுதான். ஆனால், மறைந்துவிட்டதாக எல்லோரும் நினைத்த ஒரு கலை, தேவை வந்ததும் ஒரு மனிதனின் காலில் உயிரோடு எழுந்ததை அந்தப் பட்டியல் சொல்லாது.

திறமை எங்கே போகிறது?

தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்குத் திரும்புவோம். இன்று ஃபார்முலா 1 கார்களில் எட்டு கியர்கள். கியர் மாறுவதைக் காதால் கேட்கலாம். மாறும்போது வேகம் தடைபடுவதை உணர்வது அரிது. 1997இல் ஃபெராரியின் சாலைக் காருக்கு வந்த துடுப்பு விசை, 2012இல் நம் புரோட்டோன் பிரெவே காருக்கும் வந்துவிட்டது. பந்தயக்காரனின் உள்ளங்கையில் கொப்புளம் இல்லை. அதற்காக யாரும் வருந்த வேண்டியதில்லை.

ஆனால், இந்த வரலாறு இரண்டு செய்திகளைத் தெளிவாகக் காட்டுகிறது. கருவி வந்ததும் திறமை அழிந்துவிடவில்லை. கையிலிருந்து கணிப்புக்கு இடம் மாறியது. கம்பியைத் தேடிப் போகாத கை, பிரேக்கையும் வளைவையும் எதிராளியையும் கவனிக்க மனத்துக்கு நேரம் கொடுத்தது. இது முதலாவது.

இரண்டாவதுதான் முக்கியமானது. மனிதனிடம் எதை விட்டு வைப்பது என்பதை இயந்திரம் முடிவு செய்யவில்லை. 1994இலும் 2004இலும் விதியை எழுதியவர்களும், ஆஸ்திரேலியாவில் குரல் கொடுத்த ரசிகர்களும் முடிவு செய்தார்கள். அவர்கள் வாய்மூடி இருந்திருந்தால் பந்தயக் கார் இன்று தானே ஓடிக்கொண்டிருக்கக்கூடும். பார்ப்பதற்குத்தான் ஆள் இருந்திருக்காது.

நம் பிள்ளைகளில் பலர் இனி ஆட்டோ கார் மட்டுமே ஓட்டுவார்கள். கிளட்ச் என்றால் என்னவென்று தெரியாமலே வாழ்ந்துவிடவும் முடியும். அதில் தவறில்லை. ஆனால், எந்த வேலையை இயந்திரத்திடம் கொடுக்கிறோம், எதைக் கொடுக்கக்கூடாது என்று கேட்கும் பழக்கம் அவர்களுக்கு இருக்க வேண்டும். பந்தய உலகம் அந்தக் கேள்வியைக் கேட்டது. அதனால்தான், கியரை மாற்றும் வேலை போன பிறகும், மாற்றச் சொல்லும் உரிமை அங்கே மனிதனிடம் இருக்கிறது.